நீ மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளிக்காசு

தம்பி, சாமி மேடையில் நீ முடிந்து வைத்துவிட்டுப் போன மஞ்சள் துணி இன்னும் அப்படியே இருக்கிறது. நான் அவிழ்க்கவில்லை. முடிந்த கைதான் அவிழ்க்க வேண்டும், வேறு கை படக்கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டார். அதனால் நீ வர வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால், முடிந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே, ஜேபியிலிருந்து லாபிஸில் இருக்கும் நம் வீட்டுக்கு பஸ் ஏறி வந்து, உன் கையாலேயே அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். அந்த முடிச்சால் பயமாக இருக்கிறது என்று முன்பே போனில் சொன்னேன். “அலமாக், அம்மா! கல்யாண வேலைல உங்களுக்குத் தூக்கமே இல்ல, அதான் இப்படியெல்லாம் தோணுது. நான் சிங்கப்பூர் பாலத்துல ஜேம்ல நிக்கிறேன், அப்புறம் பேசலாம்லா,” என்று சிரித்து வைத்துவிட்டாய். உன் அப்புறம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா மகளைப் பார்க்க ஜேபி வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். முழுவதையும் படி. தாரணியிடம் இப்போது காட்டாதே. கல்யாணம் முடிந்த பிறகு காட்டு, அவள் உன் மனைவியாக இருந்து படிக்கட்டும்.

நீ கெட்டது எதுவும் செய்யவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இரண்டு நாளைக்குச் சாப்பிடமாட்டாய். நல்ல காரியம் தொடங்கும் முன் மஞ்சளில் நனைத்த துணியில் ஒரு காசை முடிந்து சாமி முன்னால் வைப்பது நம் வீட்டு வழக்கம். காரியம் நல்லபடியாக முடிந்ததும் அதைக் கோயில் உண்டியலில் போடுவோம். நீ பிறப்பதற்கு முன்னாலும் முடிந்தோம், உனக்கு சிங்கப்பூரில் வேலை கிடைக்க வேண்டும் என்றும் முடிந்தோம். அப்போதெல்லாம் அப்பா முடிந்தார், கையில் கிடைத்த சில்லறையை வைத்து. இந்த முறை அப்பா இல்லை. நீயே குளித்துவிட்டு வந்து, அலமாரியைத் திறந்து, அவருடைய சிவப்பு ஆல்பத்தை எடுத்தாய். நான் அடுப்படியில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தேன். தாரணி பேரை நீ சொல்வது கேட்டது, வந்து பார்ப்பதற்குள் முடிந்துவிட்டாய். “அப்பா காசையே முடிஞ்சிட்டேம்மா. அப்பாவே வந்து முடிஞ்ச மாதிரி,” என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. எந்தக் காசு என்று கேட்டேன். “பெரிய வெள்ளி. ராஜா தலை போட்டது. பின்பக்கம் கறுப்பா திட்டு இருக்குமே, அது. பார்க்கவே பழசா, அழகா இருந்துச்சு,” என்று சொல்லி, போட்டோ எடுத்து தாரணிக்கு அனுப்பினாய். அது எந்தக் காசு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நல்ல நாளும் அதுவுமாக வாயைத் திறந்து எதைச் சொல்ல? பாயசத்தில் முந்திரி போட மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமென்றால், அப்பாவுக்கும் எனக்கும் இருந்த பழைய சண்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். உனக்கும் தெரியும், அவர் வெள்ளிக் கட்சி, நான் தங்கக் கட்சி. சிகாமட்டில் அவருக்கு ஒரு சீன முதலாளி கூட்டாளியாக இருந்தார், தவுக்கே என்றுதான் கூப்பிடுவார். அவர் தங்கக் காசு மட்டும்தான் சேர்ப்பார். சின்னப் பெட்டிக்குள் ஒரு வீட்டையே வைத்துப் பூட்டிவிடலாம், என்றைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் எடைக்கு விலை உண்டு, எத்தனை வருஷம் கிடந்தாலும் நேற்று அடித்த மாதிரி இருக்கும் என்பார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. எங்கள் அம்மா எனக்குக் கொடுத்த ஒற்றைப் பவுன் காசைப் பார், இன்றைக்கும் மஞ்சள் கிழங்கு மாதிரி மின்னுகிறது. அப்பா என்ன சொல்வார் தெரியுமா? “தங்கக் காசு பெட்டியில பொறந்து பெட்டியிலயே கெடக்கும். வெள்ளிக் காசுதான் ஊர் சுத்தும். எஸ்டேட்ல சம்பளமா வந்தது அது, கறிக்கடைக்குப் போனது அது, கள்ளுக்கடைக்குப் போனதும் அதுதான். அதனாலதானே இன்னமும் ரிங்கிட்டை நம்மாளுங்க வெள்ளின்னு சொல்றாங்க? நல்லா அகலமா இருக்கும், ராஜா மூக்கை உத்துப் பார்க்கலாம். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா கறுக்கும். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது.” நான் விடமாட்டேன். “ஊர் சுத்துறதை எல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாராதீங்க,” என்பேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சொல்லிவிட்டு ஆல்பத்தோடு எழுந்து போய்விடுவார்.

தீபாவளிக்குக் குத்துவிளக்கு தேய்க்கும்போது, அந்தக் கறுத்த காசுகளையும் புளி போட்டுப் பளபளவென்று ஆக்கித் தரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். மனிதர் பதறிப்போய் ஆல்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். காசு சேர்க்கிறவர்கள் தேய்த்த காசைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்களாம். அந்தக் கறுப்புதான் அதன் வயசு, தேய்த்தால் வெறும் உலோகம்தான் மிஞ்சும் என்றார். சரி, பைத்தியம் என்று விட்டுவிட்டேன். ஆனால் சிவப்பு ஆல்பத்தில் இருந்தவற்றை மட்டும் அவர் வேறு மாதிரி வைத்துக்கொண்டதை நான் கவனித்திருக்கிறேன். மற்ற ஆல்பங்களை வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார், இதைக் காட்டமாட்டார். வெயில் நன்றாக அடிக்கும் நாளில், துவைத்த துண்டு ஒன்றை ஜன்னலோரம் விரித்து, அந்தக் காசுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். எதற்கு என்று கேட்டால், “காத்து வாங்கட்டும்,” என்பார். காசு காற்று வாங்குமா என்று நான் கிண்டல் செய்வேன். அவர் அடுத்த காசை எடுத்து வைப்பார்.

நீ அப்போது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கவில்லை, உனக்கு ஞாபகம் இருக்காது. ஒரு மத்தியானம் அப்படித்தான் காசுகளைத் துண்டில் பரப்பிவிட்டுத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தார். திரும்பிப் போய்ப் பார்த்தால், நீ துண்டுக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்திருக்கிறாய். கை இரண்டும் பக்கவாட்டில். கண் மூடியிருக்கிறது. நெற்றியில் அந்தப் பெரிய வெள்ளி, ராஜா தலை மேலே பார்க்க. அப்படிப் படுக்க உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அதுவரை நீ ஒரு சாவு வீட்டையும் பார்த்ததில்லை. அப்பா போட்ட சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. உன்மேல் அவர் கை ஓங்கியது அந்த ஒரே முறைதான், ஓங்கிய கையால் காசைத்தான் தட்டிவிட்டார். நீ விழித்துக்கொண்டு அழவில்லை. “ஏன்பா எடுத்தீங்க, நல்லா இருந்துச்சு,” என்றாய். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு போய் முகம் கழுவிவிட்டேன். உன் நெற்றியில் வட்டமாக ஒரு தடம், என் விரல் பட்டபோது அந்த இடம் மட்டும் கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. அன்றைக்குத்தான் அப்பாவை உட்கார வைத்துக் கேட்டேன். சொல்லாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாஆ டவுனில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன்.

அப்பா எஸ்டேட் ஆபிஸில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார் அல்லவா, அங்கே இடுகாட்டில் குழி வெட்டுகிற பெரியவர் ஒருவர் இருந்தார். செத்தவர்கள் நெற்றியில் சந்தனத்தைக் குழைத்து ஒரு காசை ஒட்டி வைப்பது நம் சனங்களின் வழக்கம். குழியில் இறக்கும் முன் அந்தக் காசை எடுத்துக்கொள்வது குழி வெட்டுகிறவரின் உரிமை. யாரும் அதைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் எவ்வளவு இல்லாத வீடாக இருந்தாலும், போகிறவருக்கு என்று ஒரு நல்ல வெள்ளியை எங்காவது ஒளித்து வைத்திருப்பார்களாம். அந்தப் பெரியவரின் அப்பா, அவருக்கு முன்னால் அவருடைய அப்பா, எல்லோரும் பார்த்த வேலை அது. சாராயத்துக்கும் அரிசிக்கும் போனது போக, செலவழிக்க மனசு வராத காசுகளை மட்டும் ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தார்கள். எஸ்டேட்டைச் செம்பனை எண்ணெய் நிறுவனம் ஒன்று வாங்கியபோது, பெரியவர் அந்த டின்னை அப்பாவிடம் கொண்டு வந்தார். “ஐயா, இது நெத்திக்காசு. மறைக்க விரும்பல. என் மவன் உருக்குற கடையில போட்டுடலாம்கிறான். உருக்கிட்டா இவங்கெல்லாம் எங்க போவாங்க?” என்று கேட்டாராம். அப்பா, அவர் கேட்ட விலைக்கு மேலேயே கொடுத்து வாங்கிக்கொண்டார். அதனால்தான் அந்தக் காசுகளில் எல்லாம் ராஜா முகம் தெளிவாக இருக்கும். பின்பக்கம், தோலோடு ஒட்டியிருந்த பக்கம், திட்டாகக் கறுத்திருக்கும்.

“யார் யாரோடதுன்னு தெரியுமா?” என்று கேட்டேன். “தெரியாது. அதான் பயம் இல்ல,” என்றார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பெயர் தெரிந்தால் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லலாம், திதி கொடுக்கலாம். பெயர் இல்லாதவரிடம் என்ன பேசுவது? அன்றைக்கு எனக்கு இன்னொன்றும் புரிந்தது. தங்கம் யாரோடும் போவதில்லை, தம்பி. தோடு, மூக்குத்தி, மோதிரம் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிட்டுத்தான் குளிப்பாட்டுவோம். அப்பா இறந்தபோது அவர் மோதிரம் வரவில்லை என்று உன் பெரியப்பா சோப்பு போட்டுக் கழற்றினாரே, நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். தங்கம் கடைசி நிமிஷத்தில் உயிரோடு இருக்கிறவர்கள் பக்கம் வந்துவிடும். நெற்றியில் உட்கார்ந்து வாசல் தாண்டிப் போவது வெள்ளிதான். அந்தத் தவுக்கே ஏன் தங்கம் சேர்த்தார், அப்பா ஏன் வெள்ளி சேர்த்தார் என்று யாராவது உன்னிடம் கேட்டால் விலை, எடை, பளபளப்பு என்று ஆயிரம் சொல்லலாம். நான் கண்ட உண்மை இது ஒன்றுதான். அப்பாவுக்கு அந்த மனிதர்கள் வேண்டியிருந்தார்கள். எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் நெற்றிக்கு நாம் ஒரு ஐம்பது காசு நாணயம் வைத்தோம். வாழ்நாளெல்லாம் வெள்ளியைக் கொஞ்சியவருக்கு ஒரு தகரக் காசு. நீ அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். ஆல்பத்திலிருந்து ஒன்றை எடுத்து வைக்கலாமா என்று எனக்கும் தோன்றியது, ஆனால் அந்த ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். மனசே ஆறவில்லை, இன்றும் ஆறவில்லை. அந்த ஏக்கத்தில்தான் நீ அந்தக் காசை எடுத்து முடிந்தாய் என்று எனக்குத் தெரியும், அய்யா.

நீ போன மறுநாள் மத்தியானம் தொடங்கியது. சோறு வடித்துக்கொண்டிருந்தேன், சாமி மேடையில் காசு ஒன்றைக் கல்லில் வைக்கிற சத்தம் கேட்டது. விழுந்த சத்தம் இல்லை. மெல்ல, மரியாதையாக வைக்கிற சத்தம். போய்ப் பார்த்தால் முடிச்சு முடிச்சாகவே இருக்கிறது, ஆனால் துணியில் வட்டமாக ஒரு கறுப்பு ஊறி வந்திருக்கிறது. மஞ்சள் ஈரம் பட்டு வெள்ளி கறுத்திருக்கும் என்று நீ சொல்வாய். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். சில நாள் கழித்துத் தாரணி கூப்பிட்டாள். கல்யாணப் புடவைக்கு அவளும் அவள் அம்மாவும் தங்காக் போகிற விஷயம் பேசத்தான் கூப்பிட்டாள். பேச்சு முடிகிற நேரத்தில், “அத்தை, ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டீங்களே?” என்றாள். சொல்லும்மா என்றேன். “கொஞ்ச நாளா மத்தியானம் படுத்தா நெத்தியில சில்லுன்னு ஏதோ வச்ச மாதிரி இருக்கு அத்தை. வட்டமா. தொட்டுப் பார்த்தா ஒண்ணும் இல்ல. சந்தன வாசம் வேற வருது, எங்க வீட்டுல யாரும் சந்தனம் அரைக்கல.” எப்போதிலிருந்து என்று கேட்டேன். “அவரு மஞ்சத் துணி போட்டோ அனுப்பினாரே, அன்னையிலேர்ந்துதான். பயமெல்லாம் இல்ல அத்தை. சுகமா இருக்கு. எழுந்திரிக்கவே மனசு வரல. நேத்து அம்மா எழுப்பி எழுப்பிப் பார்த்து அழுதுட்டாங்களாம், எனக்குத் தெரியவே இல்ல.”

அவளுக்கு அந்தக் காசைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீயும் சொல்லவில்லை, உனக்கே தெரியாது. சின்னப் பிள்ளையில் நீ சொன்ன அதே வார்த்தைதானே அது, நல்லா இருந்துச்சு என்று? உனக்குப் போன் செய்தேன், நீ சிரித்தாய். சரி, உன்னை நம்பிப் பயனில்லை என்று முனியாண்டி கோயில் பூசாரியிடம் ஓடினேன். அவர் சிரிக்கவில்லை. துணியை அப்படியே கொண்டுபோய் ஆற்றில் போட்டுவிடட்டுமா என்று கேட்டதற்கு, “அது பொண்ணு பேரைச் சொல்லி முடிஞ்ச முடிச்சும்மா. ஆத்துல போட்டா பொண்ணும் கூடவே போவும். முடிஞ்ச கை அவுக்கணும். அவுத்துட்டு, அதே துணியில முடியாம, புதுத் துணியில வேற காசு முடியணும்,” என்றார். வேறு காசு என்றால் என் பவுனைத் தருகிறேன். அது எந்தச் சாவு வீட்டுக்கும் போகாத காசு. நீ அவிழ்த்த வெள்ளியைச் சிவப்பு ஆல்பத்தில் அதன் இடத்தில் வைத்துவிடு. அதை விற்காதே, உருக்காதே, தேய்க்காதே. அவர்கள் நம்மை ஒன்றும் செய்ய வந்தவர்கள் இல்லை, நாம்தான் அவர்களைத் தவறான இடத்துக்குக் கூப்பிட்டுவிட்டோம். நெற்றியைத் தவிர வேறு இடம் தெரியாத காசு அது. ஒரு பெண்ணின் பேரைச் சொல்லி முடிந்தால் அந்தப் பெண்ணின் நெற்றியைத்தானே தேடிப் போகும்?

இதற்கு நடுவில் ஒரு புத்தியும் சொல்லிவிடுகிறேன், அம்மா வேறு எதற்கு இருக்கிறேன்? நாளைக்கு உன் பெண்டாட்டி ஒரு மாதிரியாக இருக்கிறது என்று சொன்னால், அது தலைவலியாக இருந்தாலும் பேயாக இருந்தாலும், முதலில் சிரிக்காதே. உன் அப்பா என்னைக் கழுதை என்று கிண்டல் செய்தாரே தவிர, நான் பயப்படுகிறேன் என்று சொன்ன அன்றைக்கு ஒரு வார்த்தை மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அதனால்தான் அந்த ஆல்பம் இருந்த வீட்டிலேயே நானும் இருந்தேன். தாரணி தன் அம்மாவிடம் சொல்லாததை என்னிடம் சொன்னாள். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று ஒரு நாள் நிதானமாக யோசித்துப் பார். அலமாக் என்று தொடங்குகிறவனிடம் யார் என்ன சொல்ல முடியும்?

இப்போது மிச்சத்தைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. பூசாரி சொன்னபடி நீ வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண் காத்திருக்க முடியுமா? இனி ஒரு மத்தியானம் அவள் அம்மா எழுப்பி அவள் எழுந்திருக்காவிட்டால்? நேற்று உச்சிப்பொழுதில் தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, அந்தத் துணியின் முன்னால் உட்கார்ந்தேன். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது, ஆனாலும் பேசினேன். “நீ யாரோ எனக்குத் தெரியாது. உன்மேல எனக்குக் கோபம் இல்ல. அவ புதுப்பொண்ணு. அவ நெத்தி குங்குமத்துக்கு ஆனது. என் புருஷன் போனதிலேர்ந்து என் நெத்தி சும்மாதான் கெடக்கு. பொட்டும் இல்ல, சாமி மேல இருக்குற கோபத்துல திருநீறும் வைக்கிறதில்ல. இங்க வந்து உட்காரு,” என்றேன். நான் எழுந்திருப்பதற்குள் சந்தன வாசம் வந்துவிட்டது.

சாயங்காலம் தாரணி கூப்பிட்டாள். குரலே மாறியிருந்தது, பழைய வாயாடி. இப்போது ஒன்றும் இல்லையாம், தூக்கமெல்லாம் போய்விட்டதாம், தங்காக்கில் அரக்கு கலரில் ஒரு புடவை பார்த்து வைத்திருக்கிறாளாம். அந்தப் புடவையே எடு, உனக்கு நன்றாக இருக்கும் என்று சொன்னேன். சொல்லும்போது என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனால் இருக்கிறது. இதை எழுதும்போதும் இருக்கிறது, வட்டமாக, சில்லென்று, கொஞ்சம்கூடக் கனமில்லாமல். அவள் சொன்னது பொய்யில்லை, தம்பி. சுகமாகத்தான் இருக்கிறது. இன்றைக்கு மத்தியானம் படுத்தவள் ரயில் போகிற சத்தம்கூடக் கேட்காமல் கிடந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா கதவை இடித்து இடித்துத்தான் எழுப்பினாளாம். என் கை இரண்டும் பக்கவாட்டில் நேராகக் கிடந்ததாம்.

நான் பயந்து எழுதவில்லை, ஆசைப்பட்டு எழுதுகிறேன். எனக்கு இப்போது போக மனசில்லை. மண்டபத்தில் எவளாவது, தாலியறுத்தவள் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக்கூடாது என்று முணுமுணுத்தால், அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு முன்வரிசை நடு நாற்காலியில் நான் உட்கார வேண்டும். நீ தாலி கட்டும்போது என் கண் திறந்திருக்க வேண்டும். வேலை இருக்கிறது, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லாதே. கதவைப் பூட்டாமல் சாத்தி மட்டும் வைக்கிறேன். நீ வரும்போது நான் படுத்திருந்தால், எழுப்பிக்கொண்டு நிற்காமல் நேராகச் சாமி மேடைக்குப் போய் முதலில் முடிச்சை அவிழ். அப்புறம் என்னைக் கூப்பிடு.